இரண்டாம் செயலி எங்கே நின்றது: பழைய பணிநிலையங்களில் பல்செயலிக் கோளாறுகளைக் கண்டறிதல்

ஒரே தாய்ப்பலகையில் இரண்டு அல்லது நான்கு செயலிகளைத் தாங்கிய பணிநிலையக் கணினிகள், பொறியியல் வரைபடம், பக்க வடிவமைப்பு, முப்பரிமாணக் காட்சியாக்கம் முதலிய கனத்த வேலைகளுக்காக 1990களில் விற்பனைக்கு வந்தன. ஆனால் அவற்றின் எல்லாச் செயலிகளையும் வேலை வாங்கக்கூடிய கட்டற்ற இயங்குதளங்கள் அப்போது முதிர்ந்திருக்கவில்லை. லினக்ஸ் 1996 ஜூனில் வெளியான 2.0 பதிப்பில்தான் பல்செயலி ஆதரவைப் பெற்றது. பரவலான இன்டெல் வகைக் கணினிகளைப் பொறுத்தவரை, ஃபிரீபிஎஸ்டி 1998இல் வந்த 3.0 பதிப்பிலும், ஓபன்பிஎஸ்டியும் நெட்பிஎஸ்டியும் 2004ஆம் ஆண்டின் இறுதியில் முறையே 3.6, 2.0 பதிப்புகளிலும் அந்நிலையை எட்டின. இயந்திரம் முன்னே வந்து, அதை முழுதாக ஆளக்கூடிய கர்னல் பல ஆண்டுகள் கழித்து வந்ததால், கர்னலை எழுதியவர்கள் வன்பொருள் வரையறைகளை மட்டும் நம்பியிருக்க முடியவில்லை. வரையறைக்கு முரணாக நடந்துகொண்ட பலகைகளையும் சில்லுகளையும் ஒவ்வொன்றாக எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

கர்னல் என்பது இயங்குதளத்தின் உட்கரு. நினைவகத்தைப் பங்கிடுவது, செயலியின் நேரத்தைப் பிரித்துக்கொடுப்பது, வன்பொருள் உறுப்புகளோடு பேசுவது ஆகிய பொறுப்புகள் அதனுடையவை. ஒரே ஒரு செயலி இருக்கும்வரை, தான் ஒரு தரவைத் திருத்திக்கொண்டிருக்கும்போது வேறு எவரும் அதைத் தொடமாட்டார் என்று கர்னல் ஏறத்தாழ உறுதியாக நம்பலாம். இரண்டாம் செயலி விழித்தெழுந்த கணத்தில் அந்த நம்பிக்கை முறிகிறது. அதன் விளைவுகள் மூன்று வடிவங்களில் வெளிப்படுகின்றன: இரண்டாம் செயலி கர்னலின் கண்ணுக்கே படாமல் போகிறது, அல்லது கண்ணில் பட்டும் எழுப்பினால் எழுவதில்லை, அல்லது எழுந்து வேலை செய்து, சில மணி நேரம் கழித்து இயந்திரம் உறைந்துபோகிறது அல்லது வலை அட்டையோ வட்டோ திடீரென்று பதிலளிப்பதை நிறுத்திக்கொள்கிறது.

இம்மூன்றுக்கும் பரவலாகக் கையாளப்பட்ட தீர்வு, இரண்டாம் செயலியை முடக்கிவிட்டு ஒற்றைச் செயலிக் கர்னலை நிறுவுவதே. அது நோயின் வலியைத் தணிக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் கோளாறு இருந்த இடத்தை அது காட்டுவதில்லை. பல வேளைகளில் அந்த இடத்தை மறைத்தும் விடுகிறது, ஏனெனில் இரண்டாம் செயலியோடு சேர்ந்து குறுக்கீட்டு வழித்தடம், பூட்டுகள், செயலிகளுக்கிடையிலான செய்திகள் ஆகிய அமைப்புகள் ஒருங்கே அணைந்துவிடுகின்றன. செயலிகளைக் கண்டறிதல், எழுப்புதல், குறுக்கீடுகளைக் கொண்டுசேர்த்தல், தரவைப் பூட்டிக் காத்தல் என்னும் படிகளில் இயந்திரம் எந்தப் படியில் நின்றது என்ற வினாவை வரிசை மாறாமல் கேட்டால்தான் விடை கிடைக்கும். அந்த வினாவுக்கு உதவும் அடையாளங்களை அக்காலக் கர்னல்களை எழுதியவர்கள் வியக்கத்தக்க அளவில் உள்ளேயே விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

முதற்படி, எத்தனை செயலிகள் உள்ளன என்பதைக் கர்னல் அறிந்துகொள்வது. இன்டெல் நிறுவனம் 1994இல் வெளியிட்ட பல்செயலி வரையறையின்படி, தாய்ப்பலகையின் பயாஸ் என்னும் நிலைபொருள், செயலிகள், உறுப்புகளை இணைக்கும் பாட்டைகள், குறுக்கீட்டுக் கட்டுப்படுத்திகள், எந்த உறுப்பின் குறுக்கீட்டுக் கம்பி எந்த உள்வாயிலில் சேர்கிறது என்ற விவரம் ஆகியவற்றை ஓர் அட்டவணையாக நினைவகத்தில் எழுதிவைக்க வேண்டும். அந்த அட்டவணைக்கு வழிகாட்டும் 16 பைட்டுக் குறிப்பு அடிக்கோடு, எம், பி, அடிக்கோடு என்ற நான்கு குறிகளோடு தொடங்கும். பயாஸ் தனக்கென ஒதுக்கிக்கொண்ட விரிவு நினைவுப் பகுதியின் முதல் கிலோபைட், அடிப்படை நினைவகத்தின் கடைசிக் கிலோபைட், முதல் மெகாபைட்டின் உச்சியில் உள்ள 64 கிலோபைட் பயாஸ் பகுதி ஆகிய இடங்களில் கர்னல் அதைத் தேடும். குறிப்பின் பைட்டுகளை எல்லாம் கூட்டினால் கடைசி எட்டு பிட்டுகள் சுழியமாக வரவேண்டும் என்பது சரிபார்ப்பு விதி. ஒரே ஒரு பைட் பிழைபட்டாலும் கர்னல் அக்குறிப்பை ஏற்காமல், தான் ஒற்றைச் செயலி இயந்திரத்தில் இருப்பதாக முடிவுசெய்துகொள்ளும்.

சரிபார்ப்பில் தேறுகிற அட்டவணை உண்மையைச் சொல்லும் என்பதற்கு உறுதி எதுவுமில்லை. பட்டாவில் எழுதியிருப்பதும் நிலத்தில் அளந்தால் கிடைப்பதும் வேறாக இருப்பதைப் போல, பயாஸ் எழுதிய அட்டவணையும் பலகையில் உண்மையாக ஓடும் கம்பிகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போவது அக்காலத்தில் அரிதல்ல. பிசிஐ துளைகளின் குறுக்கீட்டு விவரங்களை விட்டுவிட்ட அட்டவணைகளும் தவறாகக் குறித்த அட்டவணைகளும் பரவலாக இருந்தன. இதற்காகவே லினக்ஸ் கர்னல், அட்டவணையில் விடுபட்ட இணைப்புகளைப் பயனரே தொடக்கக் கட்டளை வரியில் எழுதித் தருவதற்கு ‘பிஐஆர்க்யூ’ என்ற அளவுருவை வைத்திருந்தது. எந்தத் துளைக்கு எந்த எண் என்பதை அட்டைகளை இடம் மாற்றிப் பார்த்தே பயனர் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பயாஸ் அமைப்புத் திரைகளில் வரையறையின் 1.1, 1.4 பதிப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி பல பலகைகளில் இருந்தது. பாலத்துக்கு அப்பால் இரண்டாம் பிசிஐ பாட்டை உள்ள பணிநிலையத்தில் இத்தேர்வு முக்கியமானது. கூடுதல் பாட்டைகளை விவரிக்கும் விரிவுப் பதிவுகளைச் சேர்த்தது 1.4 பதிப்பே. அட்டவணையை மனிதர் படிக்கும் வடிவில் அச்சிடும் ‘எம்பிடேபிள்’ என்ற கருவி ஃபிரீபிஎஸ்டியோடு வந்தது. கோளாறு ஆய்வின் முதல் வேலை அந்த அச்சை எடுத்து, பலகையின் கையேட்டோடு வரி வரியாக ஒப்பிடுவதாகவே இருக்க வேண்டும்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஸ்பார்க்ஸ்டேஷன் 10, 20 ஆகிய பணிநிலையங்களில் நிலைமை வேறு. இரண்டு எம்பஸ் துளைகளில், ஒவ்வொன்றும் ஒன்று அல்லது இரண்டு செயலிகளைக் கொண்ட அட்டைகளைச் செருகி, நான்கு செயலிகள் வரை கூட்டக்கூடிய இவ்வியந்திரங்களில், ஓபன்பூட் என்னும் நிலைபொருள் வன்பொருள் முழுவதையும் ஒரு மரவடிவ விவரமாகக் கட்டிக் கர்னலுக்கு அளிக்கிறது. ‘மாட்யூல் இன்ஃபோ’ என்ற கட்டளையை இட்டால், இயங்குதளம் எதுவும் ஏறுவதற்கு முன்பே செயலி அட்டைகளின் விவரம் திரையில் வந்துவிடும். நிலைபொருளே காணாத செயலியைக் கர்னலில் தேடுவது வீண். ஒரே நிமிடத்தில் அந்த ஐயத்தைத் தீர்த்துவைப்பது இவ்வமைப்பின் பெருஞ்சிறப்பு. அதேவேளை, சூப்பர்ஸ்பார்க் என்ற ஒரே பெயரில் வந்த அட்டைகளுள் 1 மெகாபைட் வெளிக் கேச் நினைவகமும் அதற்கான கட்டுப்படுத்தியும் உள்ளவையும் இல்லாதவையும் உண்டு. பெயர் ஒன்றாக இருந்தாலும் கர்னலுக்கு அவை இருவேறு வன்பொருள்கள். கேச் நினைவகத்தைத் துப்புரவு செய்யும் நிரற்பகுதிகள் ஒவ்வொன்றுக்கும் தனியே எழுதப்பட வேண்டும்.

அடுத்த படி, எழுப்புதல். இன்டெல் அமைப்பில் மின்சாரம் பாய்ந்ததும் ஒரு செயலி மட்டுமே பயாஸை ஓட்டும். மற்றவை உறங்கிக் காத்திருக்கும். ஒவ்வொரு செயலியுடனும் ஏபிக் எனப்படும் குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தி ஒன்று இணைந்திருக்கிறது. தொடக்கச் செயலி தன் ஏபிக் வழியாக மற்றதற்கு முதலில் மீட்டமைப்புச் செய்தி அனுப்பி, 10 மில்லிநொடி பொறுத்து, பிறகு தொடக்கச் செய்தியை 200 மைக்ரோநொடி இடைவெளியில் இருமுறை அனுப்ப வேண்டும். தொடக்கச் செய்தியில் உள்ள எண்ணை 4096ஆல் பெருக்கினால் வரும் முகவரியில் இருந்து உறங்கிய செயலி ஓடத் தொடங்கும்; ஆதலால் அந்த முகவரி முதல் மெகாபைட்டுக்குள் இருந்தாக வேண்டும். ஏபிக் செயலிக்குள் குடியேறுவதற்கு முந்தைய காலத்தின் 82489டிஎக்ஸ் என்ற தனிச் சில்லுக்குத் தொடக்கச் செய்தி என்பதே தெரியாது. அங்கே கர்னல் சீமாஸ் நினைவகத்தில் ஒரு குறியீட்டை எழுதி, குறிப்பிட்ட நினைவக முகவரியில் தாவுமிடத்தை வைத்து, மீட்டமைப்புச் செய்தியை மட்டும் அனுப்ப வேண்டும். பழைய வகைப் பலகையில் புதிய முறையைக் கையாண்டால் இரண்டாம் செயலி அசைவதேயில்லை.

எழுந்த செயலி 1978ஆம் ஆண்டின் 8086ஐப் போலவே 16 பிட் நிலையில்தான் கண்விழிக்கிறது. அது பாதுகாப்பு நிலைக்கு ஏறிக் கர்னலின் முகவரி வெளிக்குள் நுழைவதற்கு, முதல் மெகாபைட்டுக்குள் வைக்கப்பட்ட சிறு துணுக்கு நிரலொன்று துணைசெய்கிறது. லினக்ஸின் அந்தத் துணுக்கு முதற்காரியமாக நினைவகத்தின் ஓரிடத்தில் 165 என்ற எண்ணை, அதாவது பதினாறடிமான முறையில் ஏ5 என்பதை, எழுதிவைக்கிறது. தொடக்கச் செயலி 5 நொடி வரை காத்திருந்து, மற்றதிடமிருந்து மறுமொழி வராவிட்டால் அந்த இடத்தைப் பார்க்கிறது. எண் இருந்தால் ‘சிக்கிக்கொண்டதா’ என்ற பொருளிலும், இல்லாவிட்டால் ‘மறுமொழி இல்லை’ என்ற பொருளிலும் இருவேறு செய்திகளை அச்சிடுகிறது. இரண்டையும் ‘இரண்டாம் செயலி வேலை செய்யவில்லை’ என்று ஒன்றாகச் சுருக்கிப் புரிந்துகொள்வோர் பெரிய துப்பொன்றை இழக்கிறார்கள். முன்னது செயலி எழுந்து, துணுக்கு நிரலை ஓட்டத் தொடங்கி, இடையில் தடுமாறியதைக் காட்டுகிறது; குறை கர்னலின் நிலைமாற்ற நிரலிலோ பக்க அட்டவணையிலோ இருக்கலாம். பின்னது செய்தியே போய்ச் சேரவில்லை என்பதைக் காட்டுகிறது. அட்டவணையில் தவறான ஏபிக் எண், செருகியில் சரியாக அமராத செயலி, மின்னழுத்தச் சீராக்கி இல்லாத இரண்டாம் செருகி ஆகியவற்றை நோக்கி அது விரல் நீட்டுகிறது. ஒரே ஒரு பைட்டின் துணையால் மென்பொருளையும் வன்பொருளையும் பிரித்துவிடும் இந்த ஏற்பாடு, கோளாறு ஆய்வை மனத்தில் கொண்டு நிரல் எழுதுவதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு.

எழுந்த பிறகும் ஒரு குறை மறைந்திருக்கலாம். நினைவகத்தின் எந்தப் பகுதியைக் கேச் வழியாகப் படிக்கலாம், எதை நேரடியாகவே படிக்க வேண்டும் என்பதைப் பென்டியம் புரோ தொடங்கி எம்டிஆர்ஆர் என்ற பதிவகங்கள் முடிவுசெய்கின்றன. அவை ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி. சில பயாஸ்கள் தொடக்கச் செயலியின் பதிவகங்களை மட்டும் நிரப்பிவிட்டு மற்றவற்றை மறந்துவிட்டன. அப்போது இரண்டாம் செயலி பிழையின்றியே கணக்கிடும், ஆனால் ஒவ்வொரு நினைவகப் படிப்புக்கும் கேச்சை ஒதுக்கிவிட்டு நெடுந்தொலைவு போய்வருவதால் மிக மெதுவாக ஓடும். ஒரே வேலை ஒருமுறை விரைந்தும் மறுமுறை தவழ்ந்தும் முடிவதாகப் பயனருக்குத் தோன்றும். லினக்ஸ் இப்பதிவகங்களை ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் தானே திருத்தி, பயாஸ் எல்லாச் செயலிகளையும் அமைக்காமல் விட்டிருக்கலாம் என்று தொடக்கச் செய்திகளில் சொல்லிவிடுகிறது.

மிகுதியான இயந்திரங்கள் இடறி விழுந்தது மூன்றாம் படியில்தான். குறுக்கீடு என்பது விசைப்பலகை, வட்டு, வலை அட்டை போன்ற உறுப்புகள் தம்மைக் கவனிக்குமாறு செயலிக்கு விடுக்கும் அழைப்பு. பழைய கணினிகளில் 8259 என்ற சில்லுகள் இரண்டு சேர்ந்து 15 அழைப்புகள் வரை ஏற்று, ஒரே செயலியிடம் கொடுத்துவந்தன. பல்செயலிக் கணினியில் ஐஓ-ஏபிக் என்ற சில்லு, 82093ஏஏ வகையில் 24 உள்வாயில்களோடு, அழைப்பு ஒவ்வொன்றையும் எந்தச் செயலிக்கும் அனுப்ப வல்லது. ஆனால் இந்தப் புதிய வழித்தடம் சரியாக அமைய முன்சொன்ன அட்டவணை முழுதும் உண்மையாக இருக்க வேண்டும். கணினியின் நாடித்துடிப்பாகிய 8254 நேரங்காட்டிச் சில்லின் கம்பி எங்கே சேர்கிறது என்பதே பல அட்டவணைகளில் தவறியிருந்தது. லினக்ஸ் அதைச் சோதித்து, நேரங்காட்டி ஐஓ-ஏபிக்குடன் இணைக்கப்படவில்லை, இது பல்செயலி பயாஸின் பிழை என்று வெளிப்படையாகவே அறிவித்து, பழைய 8259 வழியாக அதைப் பெற முயலும். இவ்வறிவிப்போடு தொடங்கி நன்றாகவே ஓடும் இயந்திரங்கள் ஏராளம். ஆகவே இதைக் கண்ட உடனே இதுவே காரணம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

பென்டியம் முதல் பென்டியம் 3 வரையிலான காலத்தில் ஏபிக்குகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள மூன்றே கம்பிகள் கொண்ட தனித் தொடர்பாட்டை இருந்தது: ஒன்றில் கடிகாரத் துடிப்பு, இரண்டில் தரவு. பென்டியம் 4 வந்தபோதுதான் இச்செய்திகள் முதன்மைப் பாட்டைக்கே மாறின. அந்த மூன்று கம்பிகளில் மின்னிரைச்சல் புகுந்தால் செய்தியின் சரிபார்ப்புக் கூட்டல் பிழைபடும்; ஏபிக் அதை ஒரு பிழைப் பதிவகத்தில் குறித்துக்கொள்ளும். லினக்ஸ் அப்பதிவகத்தைப் படித்து, செயலியின் எண்ணையும் இரு பதினாறடிமான எண்களையும் அச்சிடுகிறது. அவற்றில் 01 என்றால் அனுப்பும்போது கூட்டல் பிழை, 02 என்றால் பெறும்போது கூட்டல் பிழை, 04 என்றால் அனுப்பிய செய்தியை ஏற்பார் எவருமில்லை, 40 என்றால் தகாத எண்ணோடு செய்தி வந்தது என்று பொருள். 01, 02 இரண்டும் பெரும்பாலும் கம்பியின் குற்றம். 04, 40 இரண்டும் பெரும்பாலும் மென்பொருள் அல்லது அட்டவணையின் குற்றம். இவ்வளவு தெளிவான பிரிவினை கைக்கு எட்டும் தொலைவில் இருக்க, அந்த வரிகளை வெறும் இரைச்சலாகக் கருதி ஒதுக்கும் வழக்கம் நிலவியது வருந்தத்தக்கது.

இவ்வரிகள் மிகுந்து பேசப்பட்டது 1999இல் வெளியான ஏபிட் பிபி6 பலகையின் பயனர்களிடையே. இணைச்செயலிப் பயன்பாட்டுக்கென இன்டெல் விற்காத விலை மலிவான செலரான் செயலிகள் இரண்டை அப்பலகை ஏற்றது. அதனால் வீட்டு மேசைகளிலும் பல்செயலிக் கணினி புகுந்தது. 66 மெகாஹெர்ட்ஸ் பாட்டைக்கென வந்த 366 மெகாஹெர்ட்ஸ் செலரானை 100 மெகாஹெர்ட்ஸ் பாட்டையில் 550 வரை உயர்த்தி ஓட்டுவது அன்றைய ஆர்வலரின் வழக்கம். அவ்வாறு வரம்பு மீறி ஓட்டப்பட்ட பலகையில் ஏபிக் பாட்டையின் கூட்டல் பிழைகள் வருவதில் வியப்பில்லை. வரம்புக்குள் திரும்பிய பிறகும் அவை தொடர்ந்தால், மின்வழங்கியையும் மின்தேக்கிகளையும் ஐயுறுவதே முறை.

கூட்டல் பிழை நேர்ந்த செய்தி மீண்டும் அனுப்பப்படும் என்பதால் தனித்தனிப் பிழைகள் தீங்கற்றவை. ஆனால் வன்பொருளின் வேறொரு குணம் இவ்விடத்தில் ஒரு பொறியாகிறது. பிசிஐ உறுப்புகளின் குறுக்கீடு மட்டவகையைச் சேர்ந்தது. அதாவது தன்னைக் கவனிக்கும்வரை உறுப்பு கம்பியைத் தாழ்த்திப் பிடித்தபடி இருக்கும். ஐஓ-ஏபிக் அழைப்பை அனுப்பியதும், ஒப்புதல் வர வேண்டியுள்ளது என்று தன்னிடம் குறித்துக்கொண்டு, செயலி வேலையை முடித்து ஒப்புதல் அனுப்பும்வரை அதே வாயிலில் அடுத்த அழைப்பை அனுப்பாது. 82093ஏஏவில், சில சூழல்களில் மட்டவகை அழைப்பு தவறுதலாக, கம்பி மாறும் கணத்தை மட்டும் கணக்கில் கொள்ளும் விளிம்புவகையாகப் போய்ச்சேரும் குறைபாடு இருந்ததை லினக்ஸ் நிரலின் குறிப்பொன்று பதிவுசெய்கிறது. விளிம்புவகைக்கு ஒப்புதல் அனுப்பும் வழக்கமில்லாததால், ஐஓ-ஏபிக் வராத ஒப்புதலுக்காக முடிவின்றிக் காத்திருக்கும். வலை அட்டை அழைத்துக்கொண்டே இருக்கும், எவருக்கும் கேட்காது. பயனருக்குத் தெரிவதெல்லாம், அட்டை அனுப்பிய தரவு உரிய நேரத்தில் போகவில்லை என்ற எச்சரிக்கையும் செத்துப்போன வலைத்தொடர்பும் மட்டுமே. அவர் அட்டையையோ அதன் இயக்கி நிரலையோ மாற்றுவார். குறை அவ்விரண்டிலும் இல்லை. கர்னல் பொருத்தமின்மையைக் கண்டதும் அவ்வாயிலைக் கணநேரம் விளிம்புவகைக்கு மாற்றித் திருப்புவதன் மூலம் தேங்கிய குறிப்பைக் கலைத்துவிடும் தந்திரம் 2.4 தொடரில் சேர்ந்தது. குறுக்கீடுகளின் எண்ணிக்கையைக் காட்டும் ‘புராக் இன்டரப்ட்ஸ்’ கோப்பின் அடியில் ‘ஈஆர்ஆர்’, ‘எம்ஐஎஸ்’ என்ற வரிகள் முறையே பாட்டைப் பிழைகளையும் இவ்வகைப் பொருத்தமின்மைகளையும் எண்ணிக்காட்டின. தொடர்பு அறுந்த வேளையில் வலை அட்டைக்கு உரிய எண்ணிக்கை நின்றுவிட்டதா, அக்கடைசி வரிகள் ஏறினவா என்ற இரண்டையும் பார்த்தாலே ஆய்வு பாதிவழி கடந்துவிடும்.

நான்காம் படி முழுக்க முழுக்கக் கர்னலுக்கு உரியது. லினக்ஸ் 2.0 தன் கட்டமைப்பு முழுவதற்கும் ஒரே ஒரு பெரும்பூட்டை வைத்தது. எந்நேரமும் ஒரு செயலி மட்டுமே கர்னலுக்குள் இருக்க முடியும். பாதுகாப்பு மிகுந்த ஏற்பாடாயினும் இரண்டாம் செயலியின் பயன் பெரிதும் குறைந்தது. ஃபிரீபிஎஸ்டியும் ‘ஜயன்ட்’ என்ற ஒற்றைப் பூட்டோடுதான் தொடங்கியது. பெரும்பூட்டைப் பல சிறு பூட்டுகளாக உடைக்கும் வேலை லினக்ஸில் 2011இன் 2.6.39 பதிப்பில்தான் முழுமைபெற்றது. இந்த நீண்ட இடைக்காலத்தில் மிகுதியும் இடர்ப்பட்டவை இயக்கி நிரல்களே. ஒற்றைச் செயலிக் காலத்து இயக்கி, குறுக்கீடுகளைச் சற்றே நிறுத்திவைத்தால் தரவு பாதுகாப்பாயிருக்கும் என்று நம்பி எழுதப்பட்டது. தன் செயலியில் குறுக்கீட்டை நிறுத்தினாலும் அடுத்த செயலி அதே தரவைத் தொடலாம் என்பதால், 2.4 வரை லினக்ஸ் அந்தக் கட்டளையை எல்லாச் செயலிகளுக்கும் சேர்த்து நிறுத்துமாறு விரிவாக்கி, பழைய இயக்கிகளைக் காப்பாற்றிவந்தது. 2.5 வளர்ச்சித் தொடரில் அந்த ஆதரவு விலக்கப்பட்டபோது, திருத்தப்படாத பழைய இயக்கிகள் பல்செயலிக் கர்னலில் தொகுக்கவே மறுத்தன. மௌனமாகத் தரவைச் சிதைப்பதைவிட வெளிப்படையாக மறுப்பது நன்று என்பதால், அம்முடிவு சரியானதே.

சுழல்பூட்டு என்பது, பூட்டு கிடைக்கும்வரை செயலி ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டிருக்கும் எளிய காப்பு. ஒற்றைச் செயலிக்கெனத் தொகுத்த கர்னலில் அது வெறும் ஒன்றுமில்லாத கட்டளையாகக் கரைந்துவிடுகிறது. இவ்வுண்மையிலிருந்து மிகப் பயனுள்ள சோதனை ஒன்று பிறக்கிறது. பல்செயலிக் கர்னலையே ‘மேக்ஸ்சிபியூஸ்’ என்ற அளவுருவில் ஒன்று என்று கொடுத்து ஒரே செயலியோடு ஓட்டினால், பூட்டுகள் உயிரோடிருக்கும், ஆனால் போட்டியிடும் இரண்டாம் செயலி இருக்காது. அப்போதும் இயந்திரம் உறைந்தால், ஏதோ ஓர் இயக்கி தான் பிடித்த பூட்டையே குறுக்கீட்டுக்குள் நுழைந்து மீண்டும் பிடிக்க முயன்று தன்னைத்தானே முடக்கிக்கொள்கிறது என்று பெரிதும் நம்பலாம். ஒன்றோடு ஓடி, இரண்டோடு மட்டும் உறைந்தால், இரு செயலிகள் இரண்டு பூட்டுகளை எதிரெதிர் வரிசையில் பிடித்த முட்டுநிலையையோ பூட்டே இல்லாத தரவையோ தேட வேண்டும். இரண்டு செயலிகளையும் வைத்துக்கொண்டு ‘நோஏபிக்’ என்ற அளவுருவை மட்டும் சேர்த்தால், ஐஓ-ஏபிக் விலகி எல்லா அழைப்புகளும் பழைய 8259 வழியாக முதற்செயலிக்கே போகும். அதில் கோளாறு மறைந்தால் குற்றம் குறுக்கீட்டு வழித்தடத்தில்தான். ‘நோஎஸ்எம்பி’ அளவுரு இரண்டாம் செயலியையும் ஐஓ-ஏபிக்கையும் ஒருசேர விலக்கிவிடுவதால், அதை முதற்சோதனையாகக் கையாள்வது இவ்விரண்டையும் குழப்பிவிடுகிறது. பரவலாக முதலில் பரிந்துரைக்கப்பட்டதும் அதுவே.

உறைந்த இயந்திரம் திரையிலும் விசைப்பலகையிலும் எதையும் சொல்லாது. அதற்கென வந்ததே தடுக்க இயலாத குறுக்கீட்டின் வழியாகச் செயலியைக் கண்காணிக்கும் காவல் ஏற்பாடு. செயலி மற்றக் குறுக்கீடுகளை நிறுத்திவிட்டுச் சுழன்றுகொண்டிருந்தாலும் இவ்வழைப்பு உள்ளே நுழையும். 5 நொடி அளவுக்கு முன்னேற்றமில்லை என்று கண்டால், செயலி எந்த ஆணையில் நிற்கிறது என்பதைப் பதிவகங்களோடு அச்சிடும். தொடர்வாயிலில் கம்பி இணைத்து மற்றொரு கணினியில் அதைப் பிடித்துக்கொள்ளலாம். இக்காவலின் முதல்வகை ஐஓ-ஏபிக்கின் துணையால் இயங்குகிறது, ஆகவே ‘நோஏபிக்’ சோதனையின்போது அது வேலை செய்யாது. செயலியின் உள்ளெண்ணிகளை நம்பிய இரண்டாம் வகை பென்டியம் புரோவிலும் அதற்குப் பிந்தியவற்றிலும் உண்டு, தொடக்ககாலப் பென்டியத்தில் இல்லை. 2006இன் 2.6.18 பதிப்பில் சேர்ந்த ‘லாக்டெப்’ என்ற கருவி மேலும் ஒரு படி சென்று, பூட்டுகள் பிடிக்கப்படும் வரிசைகளை எல்லாம் நினைவில் வைத்து, முட்டுநிலை நேர்வதற்கு முன்பே நேரக்கூடும் என்று எச்சரித்தது. பழைய இயந்திரத்தில் அதனால் வேகம் குறையும், ஆனால் மாதத்துக்கு ஒருமுறை நேரும் உறைவை ஒரே மாலையில் காட்டித்தரும்.

இவற்றுக்கு எல்லாம் அடியில், செயலிகள் நினைவகத்தில் எழுதும் எழுத்துகளை எந்த வரிசையில் மற்றவற்றுக்குக் காட்டுகின்றன என்ற நுட்பமான சிக்கல் உள்ளது. பூட்டை விடுவிக்கும் எழுத்து, பூட்டுக்குள் செய்த எழுத்துகளை முந்திக்கொண்டு வெளிப்பட்டால் பூட்டுக்குப் பொருளில்லை. இன்டெல் வகைச் செயலிகள் எழுத்துகளை வரிசை மாற்றாமல் வெளிப்படுத்தும் என்பது விதி. அதனால் பூட்டை விடுவிக்கச் சாதாரண எழுத்தே போதும். பென்டியம் புரோவின் பல்செயலி அமைப்புகளில், அரிய சூழலில் இவ்விதி மீறப்படும் சில்லுக் குறைகள் இருந்ததால், அச்செயலிக்கென லினக்ஸைத் தொகுக்கும்போது விடுவிப்புக்கும், இடையில் மற்றச் செயலி புக முடியாத அணுநிலை ஆணையைக் கையாளும் தனித் தேர்வு இருந்தது. அத்தேர்வு இன்றித் தொகுத்த கர்னலைப் பென்டியம் புரோ இணைச்செயலிப் பணிநிலையத்தில் ஓட்டுவது, எப்போதோ ஒருமுறை மட்டும் வெளிப்படும் பிழையை விலைகொடுத்து வாங்குவதாகும்.

ஸ்பார்க்கின் எட்டாம் பதிப்பு ஆணைத்தொகுதியில் ஒப்பிட்டு மாற்றும் ஆணை இல்லை. ஒரு பைட்டைப் படித்தபடியே அதில் முழு ஒன்றுகளை நிரப்பும் ‘எல்டிஸ்டப்’ ஆணையும் இடமாற்று ஆணையுமே உண்டு. ஆகவே லினக்ஸின் 32 பிட் ஸ்பார்க் வடிவத்தில், அணுநிலை எண்ணி ஒவ்வொன்றும் தன் சொல்லுக்குள்ளேயே ஒரு பைட்டைப் பூட்டாக ஒதுக்கி, எஞ்சிய 24 பிட்டுகளில் மட்டும் எண்ணைத் தாங்கியது. மற்ற எல்லா இயந்திரங்களிலும் 32 பிட் இருக்கும் என்று நம்பி எழுதிய பொதுநிரல், எண்ணிக்கை 83 லட்சத்தைத் தாண்டினால் இங்கே மட்டும் தடுமாறும். பின்னர் பூட்டுகளைத் தனி அட்டவணைக்கு மாற்றி முழு 32 பிட்டையும் மீட்டார்கள்.

இயந்திரத்தின் வயது கடைசியாகக் கணக்கில் வருகிறது. ஸ்பார்க்ஸ்டேஷனின் நினைவுச் சில்லுக்குள் அடைத்த லித்தியம் மின்கலம் ஏறத்தாழப் பத்தாண்டில் தீர்ந்து, இயந்திரத்தின் அடையாள எண்ணும் வலை முகவரியும் நிலைபொருள் அமைப்புகளும் அழிந்துவிடும். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளின் தாய்ப்பலகைகளில் மின்தேக்கிகள் வீங்கிக் கசிவது பரவலான குறை, அதிலும் இரண்டு செயலிகளின் சுமையைத் தாங்கும் மின்னழுத்தச் சீராக்கியை ஒட்டியவையே முதலில் கெடுகின்றன. ஒரே செயலியோடு நிம்மதியாக ஓடி இரண்டோடு சுமையேறும்போது மட்டும் விழும் இயந்திரம், மின்வழங்கியின் குறையையும் பூட்டின் குறையையும் ஒரே முகத்தோடு காட்டும். இரண்டையும் பிரிக்க, செயலிகளைச் செருகி மாற்றி இட்டுப் பார்ப்பதோடு, கர்னலின் பூட்டுகளுக்கு வேலையே இல்லாத வெறும் கணக்கீட்டை இரு செயலிகளிலும் இரவு முழுதும் ஓட்ட வேண்டும். அக்கணக்கீட்டின் விடை ஒருமுறை தவறினாலும், நிரலை மூடிவிட்டு மின்னழுத்தமானியை எடுக்கலாம்.